நன்னூல் காட்டும் பயிற்சிநெறியும் யாப்புக் கற்பித்தலும்

முன்னுரை

திரும்பத் திரும்பச் செய்தலே பயிற்சி என்னும் கருத்து இலக்கணக் கல்வியில் ஆழ வேரூன்றியுள்ளது. இதற்கு நன்னூலின் பொதுப்பாயிரத்தைச் சான்று காட்டுவாரும் உளர். ஒரு நூலை இருமுறை கேட்பவன் அதில் பெரும்பாலும் பிழைபடான் என்றும், மும்முறை கேட்பவன் முறையறிந்து உரைப்பான் என்றும் பவணந்தியார் கூறுவது உண்மையே. ஆயின் இந்நூற்பாக்களைத் தனித்து எடுத்தாள்வோர், அவற்றை அடுத்து வருவனவற்றை நோக்குவதில்லை. அவற்றையும் இணைத்து நோக்கின் மீள்பயிற்சி பற்றிய பவணந்தியார் கருத்து வேறாகத் தோன்றுகிறது.

காற்கூறும் அரைக்கூறும்

மும்முறை கேட்டலைக் கூறியவுடன் அதன் எல்லையையும் நன்னூல் வகுத்துவிடுகிறது. ஆசிரியர் உரைத்ததை முழுமையாகக் கொண்டாலும் மாணாக்கன் பெறுவது புலமையின் காற்பங்கே. உடன்பயில்வோரோடு பழகுதலால் மற்றொரு காற்பங்கும், பிறர்க்குச் செம்மையாக எடுத்துரைத்தலால் எஞ்சிய அரைப்பங்கும் வாய்க்கும். இப்பங்கீட்டைத் துல்லியமான கணக்காகக் கொள்ள வேண்டுவதில்லை. எனினும் கேட்டலுக்குக் கால், உரைத்தலுக்கு அரை என்னும் ஏற்றத்தாழ்வு தற்செயலானதன்று. கேட்டல் எத்தனை முறை நிகழினும் பெறுதலாகவே நிற்கும். உரைக்கும்போதோ மாணாக்கன் தன் நினைவிலிருந்து நூலை வெளிக்கொணர வேண்டியவனாகிறான். எது தனக்கு விளங்கவில்லை என்பதும் அப்போதே அவனுக்குப் புலனாகிறது. வினவுதலையும் வினாவுக்கு விடையிறுத்தலையும் நூல் பயில்வோன் கடமைகளுள் நன்னூல் சேர்த்திருப்பது இக்கருத்திற்கு அரணாகும்.

ரோடிகர், கார்பிக்கே ஆகியோர் 2006இல் வெளியிட்ட ஆய்வு இங்கு ஒப்புநோக்கத்தக்கது. ஓர் உரைப்பகுதியை மீண்டும் படித்தோர் ஐந்து நிமிடங்களுக்குப் பின் நிகழ்ந்த தேர்வில் முந்தினர். ஒரு வாரத்திற்குப் பின் நிகழ்ந்த தேர்விலோ, ஒருமுறை படித்துப் பின்னர் நினைவிலிருந்து எழுதிப் பார்த்தோரே முந்தினர். மீள்படிப்பு உடனடியாகத் தரும் தெளிவே கற்போரை ஏமாற்றுகிறது.

அலகிடுதலில் ஒரு பட்டறிவு

இளங்கலை மாணவர்க்கு யாப்புப் பயிற்சி அளித்தபோது கட்டுரையாளர் இவ்வேமாற்றத்திற்கு ஆட்பட்டதுண்டு. வெண்பாக்கள் பத்தினை வரிசையாகக் கொடுத்து அலகிடச் செய்தபோது, நான்காம் பாடலிலிருந்து அனைவரும் விரைவாகவும் பிழையின்றியும் முடித்தனர். உண்மையில் அவர்கள் அசை பிரிக்கவே இல்லை. வெண்பா என்று முன்னரே தெரிந்தமையால் வெண்டளையை எழுதிச் சென்றனர். அடுத்த வகுப்பில் ஆசிரியப்பாவையும் வெண்பாவையும் பெயர் குறிக்காமல் கலந்து கொடுத்து, ஒரு வெண்பாவில் காய்ச்சீரை அடுத்து நிரையசை வருமாறு ஒரு சொல்லையும் மாற்றி வைத்தபோது, அங்குக் கலித்தளை தோன்றியதைப் பெரும்பாலோர் காணவில்லை.

பின்னர் ஒவ்வொருவரும் ஒரு வெண்பாவைத் தாமே தளை தட்டச் செய்து, அருகிலிருப்பவரிடம் கொடுத்துப் பிழை காணச் சொல்லுதல் என்று பயிற்சி மாற்றப்பட்டது. பிழையை வேண்டுமென்றே அமைப்பதற்குத் தளையிலக்கணம் முழுமையாகத் தெரிந்திருக்க வேண்டும் என்பதை மாணவர்களே உணர்ந்தனர். குற்றியலுகரத்தை எங்ஙனம் அலகிடுவது என்பதில் எழுந்த பூசல் ஒரு முழு வகுப்பையும் எடுத்துக்கொண்டது. முன்பு பத்துப் பாடல் முடிந்த நேரத்தில் இப்போது மூன்றே முடிந்தன. பாடத்திட்டத்தை முடிக்க வேண்டிய ஆசிரியர்க்கு இது சிறிய இழப்பன்று. ஒரு வகுப்பின் பட்டறிவு பொதுமுடிபுக்குப் போதாது என்பதும் ஏற்கத்தக்கதே.

மனனத்தின் இடம்

இதனால் மனனம் வேண்டா என்பது கருத்தன்று. தேமா, புளிமா, கருவிளம், கூவிளம் என்னும் வாய்பாடுகள் நாவில் நில்லாதவன் தளையை ஆராயப் புகுந்தால் ஒவ்வொரு சீருக்கும் தடுமாறுவான். அவ்வளவில் மீளச் சொல்லுதல் இன்றியமையாதது. ஆயின் வாய்பாடு நிலைத்த பின்னரும் அதனையே சொல்லவைத்துக்கொண்டிருப்பது அவனைக் காற்கூற்றிலேயே நிறுத்தும். அறியாத பாடலொன்றை முன்வைத்து, இன்ன பாவென்று கூறி நிறுவுக எனக் கேட்க வேண்டிய இடம் அதுவே.