பெப்பர்மின்ற் எண்ணெய்: பற்பசையின் குளிர்ச்சிக்குப் பின்னாலுள்ள விஞ்ஞானம்



காலையில் பல் துலக்கியபின் ஒரு மிடறு தண்ணீர் குடித்துப் பாருங்கள். சாதாரண தண்ணீரே ஐஸ் தண்ணீர் போல இருக்கும். பற்பசையிலுள்ள பெப்பர்மின்ற் எண்ணெயே இதற்குக் காரணம். சம்போ, சவர்க்காரம், உதட்டுப் பூச்சு, பாதங்களுக்கான கிறீம், வாய் கொப்புளிக்கும் திரவம் ஆகியவற்றிலும் இது சேர்க்கப்படுகின்றது. பிரித்தெடுத்தல், ஆவியாதல், புலனங்கங்கள் ஆகிய பாடப்பகுதிகளை இந்த ஒரு பொருளைக் கொண்டே மீட்டிப் பார்க்கலாம்.

1. தாவரம்

பெப்பர்மின்றின் விஞ்ஞானப் பெயர் மெந்தா பைப்பெரிற்றா. இது நீர்ப்புதினாவும் ஈட்டிப்புதினாவும் (ஸ்பியர்மின்ற்) கலந்து உருவான கலப்பினம். பொதுவாக இதில் வளமான வித்துகள் உண்டாவதில்லை. ஆகவே ஓடுதண்டுகள் மூலம் பதிய முறையில் இனம்பெருக்கப்படுகின்றது. நாம் மின்ச்சி என்று சொல்லிச் சம்பலுக்குச் சேர்க்கும் இலை இதே சாதியைச் சேர்ந்த உறவுத் தாவரம், இரண்டும் ஒன்றல்ல.

2. எண்ணெயைப் பிரித்தெடுத்தல்

இலையின் மேற்பரப்பிலுள்ள நுண்ணிய சுரப்பிகளில் எண்ணெய் சேமிக்கப்பட்டிருக்கும். அது கொதிநீராவி வடிப்பு முறையால் பெறப்படுகின்றது. படிமுறைகளை ஒழுங்காக நினைவில் வையுங்கள்.

(அ) இலைகளினூடாகக் கொதிநீராவி செலுத்தப்படும்.
(ஆ) எண்ணெய் ஆவியாகி நீராவியுடன் சேர்ந்து வெளியேறும்.
(இ) ஒடுக்கியில் இரண்டும் குளிர்ந்து திரவமாகும்.
(ஈ) எண்ணெய் நீருடன் கலக்காது. அதன் அடர்த்தியும் நீரினதை விடக் குறைவு. ஆகவே மேலே மிதக்கும் எண்ணெய்ப் படை வேறாக்கப்படும்.

மென்தோலின் கொதிநிலை ஏறத்தாழ 212 பாகை செல்சியஸ். அப்படியாயின் 100 பாகைக்குக் கீழே அது எப்படி வடிந்து வருகின்றது? ஒன்றோடொன்று கலக்காத இரு திரவங்களைச் சேர்த்துச் சூடாக்கும்போது அவற்றின் ஆவியமுக்கங்கள் கூட்டப்படுகின்றன. அந்தக் கூட்டுத்தொகை வளிமண்டல அமுக்கத்துக்குச் சமமானதும் கலவை கொதிக்கும். அதனால் எண்ணெய் உயர் வெப்பத்தால் சிதைவடையாமல் கிடைக்கின்றது.

3. குளிர்ச்சி எங்கிருந்து வருகின்றது?

எண்ணெயின் பிரதான கூறு மென்தோல். அதன் ஒரு மூலக்கூறில் 10 காபன், 20 ஐதரசன், 1 ஒட்சிசன் அணுக்கள் உள்ளன. சார் மூலக்கூற்றுத் திணிவு 120 + 20 + 16 = 156.

"மென்தோல் தோலின் வெப்பநிலையைக் குறைக்கின்றது" என்று பலர் எழுதுவார்கள். இது பிழையான விடை. கொலோன் பூசும்போது அற்ககோல் ஆவியாகி, தோலிலிருந்து மறைவெப்பத்தை எடுத்துக்கொள்வதால் தோல் உண்மையாகவே குளிர்கின்றது. மென்தோலோ நரம்பு முனைகளிலுள்ள குளிர் உணரும் வாங்கியைத் தூண்டுகின்றது. ரீ.ஆர்.பீ.எம்.8 எனப்படும் இந்த வாங்கி, குளிரின்போது திறந்து கல்சியம் போன்ற அயன்களை உள்ளே விடும் ஓர் அயன் கால்வாய். மென்தோல் பட்டாலும் அது திறந்துவிடும். மூளைக்குச் செல்வது "குளிர்" என்ற செய்தி. வெப்பமானியில் அந்தக் குளிர் தெரியாது. இவ்வாங்கி 2002 இல் இனங்காணப்பட்டது. வெப்பம், தொடுகை ஆகியவற்றை உணரும் வாங்கிகளைக் கண்டறிந்தமைக்காக டேவிட் ஜூலியஸ், ஆர்டெம் பட்டபூட்டியன் ஆகிய இருவரும் 2021 இல் மருத்துவத்துக்கான நோபல் பரிசைப் பெற்றனர்.

4. "இயற்கையானது" என்றால் பாதுகாப்பானதா?

இக்கேள்விக்கான விடை பரீட்சை மண்டபத்துக்கு வெளியிலும் உங்களுக்குத் தேவைப்படும்.

• தூய எண்ணெயை நேரடியாகத் தோலில் பூசக்கூடாது. எரிவும் ஒவ்வாமையும் ஏற்படலாம். குளிக்கும் நீரில் துளிகளாக விட்டாலும் அது கரையாது மிதந்து, செறிவான நிலையிலேயே தோலில் படும்.
• கைக்குழந்தைகளினதும் சிறு பிள்ளைகளினதும் மூக்கிலோ முகத்திலோ மென்தோல் கலந்த தைலத்தைப் பூசக்கூடாது. குரல்வளை இறுகி மூச்சு தடைப்படக்கூடும். தம்பி, தங்கைக்குத் தடிமன் பிடித்ததும் வீட்டார் தைலப் போத்தலை எடுத்தால் இதை அன்பாக எடுத்துச் சொல்லுங்கள்.
• தீக்காயத்தின்மேல் பற்பசை பூசுவது தவறு. குளிர்ச்சி போலத் தெரிந்தாலும் காயத்தின் வெப்பம் வெளியேறாது. குழாய் நீரை 20 நிமிடம் ஓடவிடுவதே சரியான முதலுதவி.
• 2023 இல் ஐரோப்பிய ஒன்றியம், சுட்டுத்துண்டில் பெயர் குறிப்பிடவேண்டிய ஒவ்வாமைப் பொருட்களின் பட்டியலில் மென்தோலையும் பெப்பர்மின்ற் எண்ணெயையும் சேர்த்தது.

பயிற்சி

1. 80 கிராம் பற்பசையில் திணிவுப்படி 0.5% பெப்பர்மின்ற் எண்ணெய் உண்டு. எண்ணெயின் திணிவு யாது?
2. கொலோன் தரும் குளிர்ச்சிக்கும் மென்தோல் தரும் குளிர்ச்சிக்கும் இடையிலான வேறுபாட்டை விளக்குக.
3. இவ்வெண்ணெயைப் பெறக் கொதிநீராவி வடிப்பு பொருத்தமாவதற்கு இரு காரணங்கள் தருக.

விடைக் குறிப்பு

1. 80 × 0.5 ÷ 100 = 0.4 கிராம்.
2. கொலோனில் ஆவியாதலால் வெப்பம் அகற்றப்படும்; மென்தோலில் வாங்கி மட்டுமே தூண்டப்படும்.
3. தாழ்ந்த வெப்பநிலையில் வடிவதால் சிதைவடையாமை. நீருடன் கலக்காததால் இலகுவாக வேறாக்கத்தக்கதாயிருத்தல்.

இரண்டாம் வினாவுக்கு விடையளிக்கும்போது "உணர்வு", "வெப்பநிலை" ஆகிய இரு சொற்களையும் பிரித்தறிந்து எழுதுங்கள். புள்ளிகள் அந்த வேறுபாட்டுக்கே கிடைக்கும்.