பொத்தையில் உருளும் பந்து

கேள்வி: புற்றைத் தோண்டி கரையான் தின்னும் ஆப்பிரிக்க ஆர்ட்வார்க்கைத் தொலைக்காட்சியில் பார்த்தேன். நம் பக்கத்தில் அப்படி ஏதாவது உண்டா? (வாசகர், வள்ளியூர்)

பதில்: உண்டு, அழுங்கு. எறும்புத்தின்னி என்றும் சொல்வார்கள். ஆர்ட்வார்க்குக்கு இது உறவே இல்லை. ஆனால் தீனி ஒன்றாக இருப்பதால் உடலும் ஒன்றுபோல அமைந்துவிட்டது: வலுத்த நகம், நீண்ட மூக்கு, பசைபோல் ஒட்டும் நாக்கு.

களக்காடு மலைக்காடு மட்டுமல்ல, அடிவாரப் புதர்க்காடும் பொத்தை என்னும் சிறு குன்றுகளும்கூட இது வாழ ஏற்ற இடங்கள்தான். பகலெல்லாம் வளைக்குள் சுருண்டு தூங்கும். இருட்டியதும் மோப்பம் பிடித்துக் கிளம்பும். கண் மந்தம், மூக்கே வழிகாட்டி. முன்னங்கால் நகத்தால் புற்றை உடைத்து, நாக்கை உள்ளே விட்டு கரையானையும் எறும்பையும் முட்டைகளையும் வாரும். அப்போது மூக்குத் துளைகளை மூடிக்கொள்ளும். ஆர்ட்வார்க்குக்காவது கடைவாய்ப் பற்கள் உண்டு. இதற்குப் பல்லே கிடையாது. விழுங்கிய சிறு கற்களோடு சேர்த்து வயிறுதான் இரையை அரைக்கிறது, கோழியின் கல்லீரல் பக்கத்துக் கல்குடலைப் போல.

பயந்தால் பந்தாகச் சுருளும். சிறுத்தையிடமிருந்து அது காப்பாற்றும். மனிதனிடம் அதுவே வினை, உடலைப் போர்த்திய செதிலுக்காக அப்படியே தூக்கிச் சாக்கில் போட்டுவிடுகிறான். அந்தச் செதில் நம் நகம் எதனால் ஆனதோ அதே கெரட்டின்தான், மருந்தென்பது பொய். வனவிலங்குச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ள உயிர் இது. 2016-இல் உலக வணிகமும் தடையானது. பெரும்பாலும் ஒரு ஈற்றுக்கு ஒரே குட்டி, தாயின் வாலில் சவாரி செய்து வளர்வது. தோட்டத்தில் கண்டால் தொடாமல் வனத்துறைக்குச் சொல்லுங்கள்.