கொடுத்த பந்துக்கும் கணக்கு உண்டு

பாறசாலை

அன்புள்ள மக்களே,

உன் கடிதம் கிடைத்தது. மாவட்ட ஹாக்கி டீமில் உன் பேர் வரவில்லை. "ஃபார்வேர்டு என்கிறாய், ஒரு கோல்கூட அடிக்கவில்லையே" என்று சார் எல்லார் முன்னாலும் கேட்டுவிட்டார். ஹாஸ்டலைக் காலி செய்துவிட்டு வீட்டுக்கு வருகிறேன் என்று எழுதியிருக்கிறாய். அம்மை அதைப் படித்த நாளிலிருந்து சரியாகச் சாப்பிடுவதில்லை. வருவதென்றால் வா, உன் வீடுதானே. அதற்கு முன்னால் மாமன் சொல்வதைக் கொஞ்சம் கேள்.

நம் பக்கம் விளையாட்டு என்றால் கால்பந்து. பொழியூர்க் கடப்புறத்துப் பிள்ளைகள் சந்தோஷ் டிராபிவரை போய் ஆடியிருக்கிறார்கள். ஹாக்கி என்றால் எல்லாரும் ஸ்ரீஜேஷ் பேரைத்தான் சொல்வார்கள். திருவனந்தபுரம் ஜி.வி. ராஜா பள்ளியில் படித்து, டோக்கியோவிலும் பாரிஸிலும் வெண்கலம் வாங்கியவர். அவர் கோல்கீப்பர், தடுத்த பந்து எல்லார் கண்ணிலும் படும். ஃபார்வேர்டின் பாடு வேறு. அதனால்தான் உனக்குத் தன்ராஜ் பிள்ளையைப் பற்றிச் சொல்ல நினைக்கிறேன்.

புனேயை ஒட்டிய கட்கியில், ராணுவத் தளவாடத் தொழிற்சாலைக் குடியிருப்பில் 1968இல் பிறந்த தமிழ்ப் பிள்ளை அவர். அப்பாவுக்கு மைதானத்தைப் பார்த்துக்கொள்கிற வேலை. அம்மா ஆண்டாளம்மா, கையில் காசு இல்லாவிட்டாலும் ஐந்து ஆண்மக்களையும் ஹாக்கி ஆடவிட்டார். உடைந்த ஸ்டிக், மற்றவர்கள் வேண்டாமென்று போட்ட பந்து, சேற்றுத் தரை. அங்கே பழகியவர்தான் 1989இல் டெல்லி ஆசியக் கோப்பையில் இந்தியாவுக்காக இறங்கினார். நான்கு ஒலிம்பிக், நான்கு உலகக் கோப்பை ஆடினார். ஒலிம்பிக் பதக்கம் ஒன்றுகூடக் கிடைக்கவில்லை. பார்சிலோனாவில் ஏழாவது இடம், அட்லாண்டாவில் எட்டாவது, சிட்னியிலும் ஏதென்ஸிலும் ஏழாவது. சிட்னியில் போலந்தை வென்றால் அரையிறுதி என்ற நிலை. ஜெயித்துக்கொண்டிருந்த ஆட்டத்தைக் கடைசி நிமிடங்களில் போலந்து சமன் செய்துவிட்டது.

1998 பாங்காக்கை நீ முக்கியமாகத் தெரிந்துகொள்ளவேண்டும். அவர் கேப்டன். இறுதி ஆட்டத்தில் பெனால்டி ஸ்ட்ரோக்கில் தென்கொரியாவை வென்று, 32 வருடத்துக்குப் பிறகு இந்தியா ஆசிய விளையாட்டுத் தங்கம் வாங்கியது. அடுத்த தொடருக்கான பட்டியலில் அந்தக் கேப்டன் பேரே இல்லை! கூடவே மூத்த ஆட்டக்காரர்கள் சிலரும் இல்லை. 'ஓய்வு கொடுத்திருக்கிறோம்' என்றார்கள். பணமும் படியும் போதாது என்று வாய்விட்டுக் கேட்டதற்கான கூலி அது என்றுதான் ஊர் பேசியது. தங்கம் வாங்கியவனுக்கே அந்த நிலை, மக்களே. பட்டியலில் பேர் இல்லாததால் அவருடைய ஆட்டம் மோசமாகிவிடவில்லை. 2002இல் கொலோன் சாம்பியன்ஸ் டிராபியில் இந்தியா நான்காவதுதான் வந்தது, தொடரின் சிறந்த ஆட்டக்காரர் தன்ராஜ். அப்போது வயது 34. அடுத்த வருடம் கோலாலம்பூரில் பாகிஸ்தானை வென்று இந்தியா முதன்முதலாக ஆசியக் கோப்பையைத் தூக்கியபோதும் அவர்தான் கேப்டன்.

அவர் எத்தனை கோல் அடித்தார் என்று நீ கேட்பாய். அதற்கு அதிகாரபூர்வக் கணக்கு கிடையாது. ஹாக்கி சம்மேளனம் அந்தக் கணக்கை எழுதிவைக்கவே இல்லை. இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு வயிறு எரியும். அமெரிக்காவில் ஐஸ் ஹாக்கியில், கோல் அடித்தவர் பேரோடு, அதற்கு முன் வட்டை (அங்கே பந்துக்குப் பதில் வட்டுதான்) கொடுத்த இரண்டு பேர் வரை எழுதிவைப்பார்கள். மைக் மொடானோ என்று ஒரு ஃபார்வேர்டு, 2011இல் ஓய்வு பெற்றவர். 561 கோல் அடித்தார். மற்றவர்கள் அடிக்கக் கொடுத்தது 813. பேர்போன ஃபார்வேர்டுக்கே அடித்ததைவிடக் கொடுத்தது அதிகம்!

போன மாதம் உன் ஆட்டத்தை நான் வேலியோரம் நின்று பார்த்தேனே. வலது ஓரத்தில் பந்தை ஸ்டிக்கோடு ஒட்டியே கொண்டுபோனாய், இரண்டு பேரை இழுத்துக்கொண்டு கோலுக்கு முன்னால் இருக்கிற டிக்குள் நுழைந்தாய், ஒருத்தியின் பாதத்தில் பந்து பட்டது, விசில், பெனால்டி கார்னர். அதில் உன் கூட்டுக்காரி கோல் அடித்தாள். ஸ்கோர் ஷீட்டில் அவள் பேர் மட்டும்தான் இருக்கும். பாதி கோல் உன்னுடையது.

ஒரு நூறு பக்க நோட்டு வாங்கு. ஆட்டம் முடிந்த அன்றைக்கே எழுது: பந்தோடு எத்தனை முறை டிக்குள் போனாய், எத்தனை கார்னர் வாங்கிக்கொடுத்தாய், உன் பாஸில் யார் அடித்தார்கள், எங்கே பந்தைத் தொலைத்தாய். தொலைத்ததை மறைக்காமல் எழுது. பத்து ஆட்டம் ஆனதும், சாயங்காலப் பிராக்டிஸ் முடிந்து சார் தனியாக இருக்கும்போது கொண்டுபோய்க் காட்டி, "என்னிடம் என்ன குறை சார், என்ன மாற்றவேண்டும்?" என்று கேள். மரியாதையாகக் கேள், ஆனால் கேட்காமல் இருக்காதே. கோல் அடிக்கிற பழக்கம் நிஜமாகவே குறைவு என்றால் அதையும் அந்த நோட்டே காட்டிக்கொடுக்கும்.

பிளஸ் டூ மார்க்கை விட்டுவிடாதே. தன்ராஜுக்கே மஹிந்திராவும் ஏர் இந்தியாவும்தான் சோறு போட்டன. ஸ்போர்ட்ஸ் கோட்டா வேலைக்கும் படிப்பு கேட்பார்கள்.

இவ்வளவும் செய்தபிறகும் ஹாக்கி வேண்டாம் என்று தோன்றினால் எனக்கு ஒரு போன் பண்ணு. ஸ்டேஷனுக்கு வந்து பெட்டியை நானே தூக்கிக்கொள்கிறேன், ஒரு வார்த்தை கேட்கமாட்டேன். யாரோ எல்லார் முன்னாலும் சொன்ன ஒரு சொல்லுக்காக மட்டும் வண்டி ஏறாதே. ஞாயிற்றுக்கிழமை அம்மையிடம் பேசு, காத்திருக்கிறாள்.

அன்புடன்,
மாமன்