சோதனைக் குழாய்க் குழந்தை: நம்மவர் அறிந்துகொள்ள வேண்டியவை

வேலை நிமித்தம் வடக்கேயும் கிழக்கேயும் வந்து குடியேறிய நம் குடும்பங்களில், கல்யாணமாகி இரண்டு வருடம் கழிந்துவிட்டால் ஊரிலிருந்து வரும் ஒவ்வொரு தொலைபேசியிலும் "ஏதாவது விசேஷம் உண்டா?" என்ற கேள்வி தவறாது. விசேஷம் இல்லையென்றால் அடுத்தது ஜாதகம், அதற்கடுத்தது ராமேஸ்வரமும் திருக்கருகாவூரும். கோயிலுக்குப் போவதில் ஒரு குறையும் இல்லை. மருத்துவரைப் பார்க்க வேண்டிய காலம் அதிலேயே கழிந்துவிடக் கூடாது என்பதற்காகவே இக்கட்டுரை. பெண்ணுக்கு 35 வயதுக்குள் என்றால் ஒரு வருட முயற்சிக்குப் பின்னும், 35-ஐத் தாண்டிவிட்டால் ஆறு மாதத்திலும் பரிசோதனைக்குப் போவது நல்லது. வயது ஏற ஏறக் கருமுட்டைகளின் எண்ணிக்கையும் தரமும் குறையும். அதைத் திரும்பக் கூட்ட மருந்து இல்லை.

இந்தச் சிகிச்சையின் இந்திய வரலாறு, நம்மில் பலர் வசிக்கும் கொல்கத்தாவிலேயே தொடங்கியது. உலகின் முதல் சோதனைக் குழாய்க் குழந்தை லூயிஸ் பிரவுன் 1978 ஜூலை 25 அன்று இங்கிலாந்தில் பிறந்தாள். எழுபது நாட்களே கழித்து, அக்டோபர் 3 அன்று, அன்றைய கல்கத்தாவில் டாக்டர் சுபாஷ் முகர்ஜியின் முயற்சியால் ஒரு பெண் குழந்தை பிறந்தது. நாம் வீட்டில் கொலு வைக்கும் நவராத்திரி நாட்கள். குழந்தைக்கு துர்கா என்று பெயர் வழங்கிற்று. தாய்க்குக் கருக்குழாய்கள் பழுதுபட்டிருந்தன. முகர்ஜி ஹார்மோன் ஊசி கொடுத்துப் பல முட்டைகளை வளர்த்தெடுத்து, வெளியே கருவாக்கி, உறைய வைத்து, 53 நாட்களுக்குப் பின் கருப்பையில் வைத்தார். உறைகருவை எடுத்து வைக்கும் முறை இன்று எல்லா மையங்களிலும் அன்றாட வேலை. அன்றோ அரசு அமைத்த குழு அவரை நம்பவில்லை. குழந்தையின் பெற்றோரும் ஊர்ப் பேச்சுக்கு அஞ்சி வெளியே வரத் தயங்கினார்கள். வெளிநாட்டு மாநாட்டுக்குச் செல்லவும் அவருக்கு அனுமதி கிடைக்கவில்லை. 1981-இல் கண் மருத்துவ நிறுவனம் ஒன்றுக்கு மாற்றப்பட்ட அவர், அவ்வாண்டு ஜூன் 19 அன்று தம் உயிரை மாய்த்துக்கொண்டார்.

1986 ஆகஸ்ட் 6 அன்று பம்பாய் கே.ஈ.எம். மருத்துவமனையில் ஹர்ஷா பிறந்தபோது அவளே இந்தியாவின் முதல் குழந்தை என்று பதிவாயிற்று. அந்தச் சாதனையில் டாக்டர் இந்திரா ஹிந்துஜாவுடன் பங்கு கொண்ட விஞ்ஞானி டி.சி. ஆனந்தகுமார், பின்னர் முகர்ஜியின் குறிப்புகளைப் படித்துப் பார்த்து, முதலிடம் அவருக்கே உரியது என்று 1997-இல் எழுதினார். தமக்கு வந்த புகழைத் தாமே எடுத்து இன்னொருவருக்குக் கொடுப்பவர்கள் எத்தனை பேர்!

இனி சிகிச்சை. முதலில் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். நம் வீடுகளில் மருமகளை மட்டும் மருத்துவமனைக்கு அனுப்புகிறார்கள். குழந்தையில்லாத் தம்பதியரில் ஏறக்குறையப் பாதிப் பேரிடம் ஆண் பக்கக் குறையும் ஒரு காரணமாய் இருக்கிறது. விந்தணுப் பரிசோதனை எளியது, செலவு குறைந்தது, வலியில்லாதது. அதைச் செய்யாமல் பெண்ணுக்குக் கருக்குழாய் எக்ஸ்ரே, லேப்ராஸ்கோப்பி என்று ஒவ்வொன்றாகச் செய்வது நியாயமில்லை. மாமியார்மார்கள் மகனிடம் இதைச் சொன்னால் பாதி வேலை முடிந்தது.

எல்லோருக்கும் சோதனைக் குழாய் முறை தேவைப்படாது. பலருக்கு முட்டை வளர மாத்திரை போதும். சிலருக்குச் சுத்தப்படுத்திய விந்தணுவைக் கருப்பைக்குள் செலுத்தும் ஐ.யு.ஐ. முறை போதும். கருக்குழாய் அடைப்பு, விந்தணு மிகக் குறைவு போன்ற நிலைகளில்தான் ஐ.வி.எஃப். வருகிறது. அதில் மாதவிலக்கின் இரண்டாம் அல்லது மூன்றாம் நாளில் தொடங்கி, பத்துப் பன்னிரண்டு நாட்கள் ஊசி போடுவார்கள். நடுவில் பலமுறை ஸ்கேன். முட்டைகள் முதிர்ந்ததும் இறுதி ஊசி ஒன்று. அதற்கு 34 முதல் 36 மணி நேரத்துக்குள் முட்டைகளை எடுப்பார்கள். அந்த ஊசியைச் சொன்ன நேரத்தில், இரவு பதினொன்று என்றால் பதினொன்றுக்கே, போட்டாக வேண்டும். மூன்றாம் அல்லது ஐந்தாம் நாள் கருவை உள்ளே வைத்து, ஏறக்குறைய இரண்டு வாரத்தில் ரத்தப் பரிசோதனை.

அந்த இரண்டு வாரம்தான் பெரும் பாடு. மாடிப்படி ஏறாதே, கட்டிலை விட்டு இறங்காதே என்று ஊரிலிருந்து உத்தரவு வரும். படுத்தே கிடப்பதால் கரு ஒட்டும் என்பதற்கு ஆதாரம் இல்லை. வழக்கமான நடமாட்டம் போதும். ஆனால் முட்டை எடுத்த கையோடு கோரமண்டலில் ஏறி ஊருக்குக் கிளம்ப வேண்டாம். சிலருக்கு வயிறு மிகவும் உப்பி, மூச்சு வாங்கி, சிறுநீர் குறையும். இது சினைப்பை அளவுக்கு மீறித் தூண்டப்பட்டதன் அடையாளம். உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டியது. ஒரு நாள் ரயிலில் கழிக்க வேண்டியது அல்ல.

முதல் முறையிலேயே பலன் கிட்டுவது நிச்சயமில்லை. 'நூற்றுக்கு நூறு' என்று விளம்பரம் செய்கிறவர்களிடம் எச்சரிக்கை தேவை. உங்கள் வயதுள்ள பெண்களில், கரு வைத்தவர்கள் எத்தனை பேர், குழந்தையோடு வீடு சென்றவர்கள் எத்தனை பேர் என்று கேளுங்கள். ரத்தப் பரிசோதனை வெற்றியை மட்டும் கணக்குக் காட்டுவதும் உண்டு.

2021-இல் இதற்கென்று மத்திய அரசு சட்டம் இயற்றி, அது 2022 ஜனவரி முதல் நடப்பில் இருக்கிறது. மையம் பதிவு பெற்றதா என்று பார்க்க வேண்டும். முதல் நிலை மையங்கள் ஐ.யு.ஐ. மட்டுமே செய்யலாம், ஐ.வி.எஃப். செய்ய இரண்டாம் நிலைப் பதிவு தேவை. பெண்ணுக்கு 21 முதல் 50, ஆணுக்கு 21 முதல் 55 என்பது வயது வரம்பு. எழுத்து மூலமான சம்மதமின்றி எதுவும் செய்யக் கூடாது. இந்தியிலோ வங்காளியிலோ மடமடவென்று சொல்லிக் கையெழுத்துக் கேட்டால், தாளை வீட்டுக்கு வாங்கி வந்து நிதானமாகப் படித்துவிட்டுப் போடுங்கள். ஆண் குழந்தையாகத் தேர்ந்து தருகிறோம் என்று யாரேனும் சொன்னால் அது குற்றம். எழுந்து வந்துவிட வேண்டியதுதான்.

நம்மைப் போல் மாற்றலில் ஊர் ஊராய்ப் போகிறவர்களுக்கு இன்னொன்று. ஸ்கேன் அறிக்கை, ஊசியின் பெயர், அளவு, எத்தனை முட்டை, எத்தனை கரு என்ற விவரம் அனைத்தின் நகலும் உங்கள் கையில் இருக்கட்டும். இல்லையேல் புதிய ஊரில் எல்லாம் முதலிலிருந்து. மீந்த கருக்களை உறைய வைத்திருந்தால், சட்டப்படி பத்து ஆண்டு வரை வைக்கலாம். பராமரிப்புக் கட்டணம் தனி. வீடு மாறும்போது எரிவாயு இணைப்புக்கும் வங்கிக்கும் முகவரி மாற்றம் எழுதுகிறோம் அல்லவா, அந்த மையத்துக்கும் ஒரு கடிதம் எழுதி, பெற்றுக்கொண்டதற்கு முத்திரை வாங்கி வையுங்கள்.