உடல் உரம் பெறும் முறை: ஊர்ப் பயிற்சிக் கூடங்களுக்கு ஒரு பாடம்

கிராமத்தின் செல்வம் நிலமும் நீரும் மட்டுமன்று. அவற்றைப் பயன்படுத்தும் மக்களின் உடல் வலிமையும் அச்செல்வத்தைச் சேர்ந்ததேயாகும். இக்கருத்தை ஒட்டியே 2016ஆம் ஆண்டிற்குப் பின் தமிழ்நாட்டு ஊராட்சிகள் பலவற்றில் அம்மா உடற்பயிற்சிக் கூடங்கள் அமைக்கப்பட்டன. 2024ஆம் ஆண்டில் கலைஞர் விளையாட்டு உபகரணங்கள் திட்டத்தின் கீழ் ஊராட்சிகளுக்கு விளையாட்டுக் கருவிகள் வழங்கப்பட்டன. ஆயினும் கருவி வந்து சேர்ந்தமையாலேயே பயன் விளைந்துவிடாது. கூடம் திறந்த முதல் மாதத்தில் இளைஞர் திரளாக வருவதும், உடலில் மாற்றம் ஒன்றும் தோன்றாமையால் சில மாதங்களில் அவர்கள் நின்றுவிடுவதும் எங்கும் நிகழக்கூடியவை. அவ்வாறு நேர்ந்தால் பொதுப் பணத்தில் வாங்கிய இரும்பு துருவேறும். பொறுமையிழந்த இளைஞர் சிலர் ஊசியையும் மாத்திரையையும் நாடுவர். இவ்விரு கேடுகளையும் தடுக்க வேண்டுமாயின், கண்ணுக்குத் தெரியும் பலன் எவ்வாறு, எத்தனை நாளில் கிட்டும் என்பதை ஊராட்சிப் பொறுப்பில் உள்ளோரும் இளைஞரும் அறிந்திருத்தல் அவசியம்.

உழைப்பும் பயிற்சியும்

வாழப்பாடி வட்டாரத்தை எடுத்துக்கொள்வோம். பாக்குத் தோப்பும் மரவள்ளிக் காடும் நிறைந்த இப்பகுதியில் உழைப்புக்குக் குறைவில்லை. கிழங்கு மூட்டைகளை லாரியில் ஏற்றும் தொழிலாளி நாள்தோறும் சுமக்கும் பாரம், பயிற்சிக் கூடத்தில் ஓர் இளைஞன் தூக்கும் பளுவைக் காட்டிலும் மிகுதி. அங்ஙனமாயின், பத்து ஆண்டுகள் மூட்டை சுமந்தவருடைய தசைகள் ஆண்டுதோறும் பெருத்துக்கொண்டே போகாதது ஏன் என்ற கேள்வி எழும்.

இதற்குரிய விடையிலேயே பாடம் முழுவதும் அடங்கியிருக்கிறது. வேலையில் சேர்ந்த புதிதில் அவருடைய தோளும் காலும் வலுப்பெற்றது உண்மை. ஆனால் மூட்டையின் எடை ஆண்டுதோறும் ஏறுவதில்லை. நம் உடல் சிக்கனமுள்ள குடித்தனக்காரரைப் போன்றது. வழக்கமான பளுவிற்கு எவ்வளவு தசை வேண்டுமோ அவ்வளவையே அது வைத்துக்கொள்ளும். வேண்டாத தசைக்கு உணவைச் செலவிடாது. பளு சிறிது கூடினால் அதற்கேற்பத் தானும் சிறிது கூட்டிக்கொள்ளும். ஆகவே, ஒரே பளுவை நாள்தோறும் தூக்குவது உழைப்பாகும். படிப்படியாகக் கூட்டித் தூக்குவதே பயிற்சியாகும்.

தென் மாவட்டத்துக் கிராமங்களில் காணப்படும் இளவட்டக்கல்லும் இவ்வுண்மையையே காட்டுகிறது. அக்கல்லின் எடை மாறுவதில்லை. அது வலிமையைச் சோதிக்கும் கல்லேயன்றி வலிமையை வளர்க்கும் கல்லன்று. அதைத் தோளுக்கு ஏற்ற விரும்புபவன் சிறு கல்லில் தொடங்கித்தான் பழக வேண்டும்.

பளு ஏறும் கணக்கு

இம்முறையை மருத்துவத்தில் ஒழுங்குபடுத்தியவர்களுள் முக்கியமானவர் தாமஸ் டிலோர்ம் என்னும் அமெரிக்க இராணுவ மருத்துவர். இரண்டாம் உலகப் போரில் காயமுற்று, முழங்கால் வலுவிழந்த படைவீரர்களுக்கு அவர் படிப்படியாக ஏறும் பளுவைக் கொண்டு பயிற்சி அளித்தார். அதன் பலன்களை 1945ஆம் ஆண்டில் வெளியிட்டார். பத்துத் தடவை தூக்கக்கூடிய பளு எதுவெனக் கண்டு, அவ்வளவைக் காலந்தோறும் உயர்த்துவதே அவர் முறையின் சாரம்.

நமது கூடங்களில் இதை எளிதாகக் கைக்கொள்ளலாம். ஓர் இளைஞர் 20 கிலோ பளுவைத் தோளில் ஏந்தி உட்கார்ந்து எழுகிறார் என்று கொள்வோம். இடையிடையே இரண்டு மூன்று நிமிடம் ஓய்வெடுத்து மூன்று சுற்றுகள் செய்ய வேண்டும். ஒவ்வொரு சுற்றிலும் எட்டு முதல் பன்னிரண்டு தடவை செய்வது இலக்கு. முதல் நாள் 10, 9, 8 என்று முடிந்தால் அதை நோட்டில் குறிக்க வேண்டும். அடுத்த முறை ஒரு தடவையேனும் கூடுதலாகச் செய்ய முயல வேண்டும். மூன்று சுற்றுகளிலும் பன்னிரண்டு எட்டிய பின்னர் பளுவை 2.5 கிலோ கூட்டி, மீண்டும் எட்டிலிருந்து தொடங்க வேண்டும். இரு வாரத்திற்கு ஒரு முறை இவ்வாறு கூட்ட முடிந்தால், 26 வாரத்தில் 13 படிகள் ஏறி அவர் 52.5 கிலோவை அடைவார். பளு ஏறியிருக்க உடல் மட்டும் அவ்வண்ணமே நின்றுவிட இயலாது.

சிறிய கூடுதலை இளைஞர் இகழ்தல் கூடாது. உலகப் பளுதூக்கும் போட்டிகளிலேயே பளு ஒரு கிலோ அளவில் உயர்த்தப்படுகிறது. வெற்றியும் தோல்வியும் அந்த ஒரு கிலோவில் அமைவதுண்டு. 1978ஆம் ஆண்டு எட்மண்டன் காமன்வெல்த் போட்டியில் 52 கிலோ பிரிவில் தங்கம் வென்ற கருணாகரனும், 2014ஆம் ஆண்டு கிளாஸ்கோவில் 77 கிலோ பிரிவில் 149 கிலோவும் 179 கிலோவும் தூக்கித் தங்கம் வென்ற வேலூர் சதீஷ் சிவலிங்கமும் தமிழ்நாட்டவரே. அவர்கள் ஏறியதும் இத்தகைய சிறு படிகளின் வழியேதான்.

எவற்றைச் செய்வது?

கைத்தசை ஒன்றையே வளர்க்க விரும்புவது இளைஞரிடம் காணப்படும் பொதுக் குறை. உடல் முழுவதற்கும் ஐந்து அசைவுகள் போதும். பளுவுடன் உட்கார்ந்து எழுதல். தரையிலுள்ள பளுவை முதுகு வளையாமல் தூக்கி நிமிர்தல். படுத்தவாறு நெஞ்சிலிருந்து மேலே தள்ளுதல். குனிந்த நிலையில் பளுவை வயிற்றை நோக்கி இழுத்தல். நின்றவாறு தலைக்கு மேல் உயர்த்துதல் ஆகியவை அவை. இரும்புத் தட்டுகள் போதாத இடத்தில், தண்டால் எடுப்பதும் கம்பியில் தொங்கி ஏறுவதும் கைகொடுக்கும். ஆற்று மணலை எடை பார்த்துப் பைகளில் நிரப்பித் தைத்துக்கொண்டால் அதுவும் பளுவே.

திங்கள், புதன், வெள்ளி என வாரம் மூன்று நாள் போதுமானது. வந்தவுடன் எடையற்ற கம்பியைக் கொண்டு உடலைச் சூடாக்கிக்கொள்ள வேண்டும். தூக்கும்போது மூச்சை வெளியே விட வேண்டும். படுத்துத் தள்ளும் பயிற்சியைத் தனியே செய்யலாகாது. தலைமாட்டில் ஒருவர் நின்று காத்தல் வேண்டும். இரத்த அழுத்தம், இதய நோய், குடலிறக்கம் உடையோர் ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவரைக் கண்ட பின்னரே தொடங்குக.

பலன் தோன்றும் காலம்

இளைஞர் மனந்தளர்வதற்குக் காரணம் பலன் இல்லாமை அன்று. பலன் வரும் வரிசையை அறியாமையே. முதல் நான்கைந்து வாரத்தில் தூக்கும் பளு விரைவாக ஏறும். கண்ணாடியிலோ மாற்றம் தெரியாது. இக்காலத்தில், இருக்கும் தசையைத் திறமையாக இயக்க நரம்புகள் கற்றுக்கொள்கின்றன. தசை பருக்கும் அளவு எட்டு முதல் பன்னிரண்டு வாரத்தில்தான் கண்ணுக்குப் புலனாகும். விதைத்த மூன்றாம் நாள் கதிரைத் தேடுபவர் உழவராகார்.

நாள்தோறும் கண்ணாடியைப் பார்ப்பதால் பயனில்லை. தையற்காரர் நாடா ஒன்றைக் கொண்டு மாதம் ஒரு முறை புயம், மார்பு, இடுப்பு, தொடை ஆகியவற்றை அளந்து எழுதுக. எடையை வாரம் ஒரு முறை காலையில் வெறும் வயிற்றில் காண்க. புயமும் தொடையும் ஏறி இடுப்பு ஏறாதிருந்தால் பயிற்சி நல்வழியில் செல்கிறது என்பது பொருள். இடுப்பு மட்டும் ஏறினால் உணவு மிகுதி. எதுவும் ஏறாவிடில் உணவோ பளுவோ போதவில்லை.

உணவும் ஓய்வும்

பயிற்சி தசையைத் தூண்டுகிறதேயன்றிக் கட்டுவதில்லை. தசையைக் கட்டும் பொருள் புரதச் சத்து. உடல் எடையில் கிலோ ஒன்றுக்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ 1.6 கிராம் புரதம் இருந்தால் பளுப் பயிற்சி செய்வோர்க்கு நிறைந்த பலன் கிட்டும் என்று ஆராய்ச்சிகள் காட்டுகின்றன. 60 கிலோ எடையுள்ளவர்க்கு இது 96 கிராம் ஆகும். சோறும் மரவள்ளிக் கிழங்கும் வயிற்றை நிரப்பும்; ஆனால் கிழங்கில் மாவுச்சத்தன்றிப் புரதம் மிகச் சொற்பம்.

இத்தேவையை நமது சேலம், நாமக்கல் பகுதியில் விளையும் பொருள்களைக் கொண்டே நிறைவு செய்யலாம். அரிசி, கேழ்வரகு முதலிய தானியம் 400 கிராமில் சுமார் 30 கிராம் புரதம் உண்டு. துவரை அல்லது பாசிப்பயறு 75 கிராமில் 16 கிராம். கொள்ளு 30 கிராமில் 6 கிராம். நிலக்கடலை 50 கிராமில் 12 கிராம். நாமக்கல் கோழி முட்டை மூன்றில் 18 கிராம். பால் அரை லிட்டரில் 16 கிராம். ஆக மொத்தம் 98 கிராம். முட்டை உண்ணாதவர் பயறும் பாலும் கூட்டிக்கொள்க. டப்பாவில் விற்கும் மாவிற்கு ஆயிரக்கணக்கில் செலவிட வேண்டிய கட்டாயம் யாருக்கும் இல்லை.

தசை வளர்வது ஓய்விலும் உறக்கத்திலுமாம். இரவில் ஏழெட்டு மணி நேர உறக்கம் வேண்டும். கிழங்கு பிடுங்கும் காலத்திலும் அறுவடைக் காலத்திலும் உடல் ஓய்ந்திருக்குமாதலால் பயிற்சியைக் குறைத்துக்கொள்ளலாம். முற்றிலும் விட வேண்டுவதில்லை. பளுவைக் குறைக்காமல் வாரம் ஒரு நாள் செய்துவந்தாலும், இளைஞர் பெற்ற பலனைச் சில மாதம் காத்துக்கொள்ள முடியும்.

குறுக்கு வழியின் கேடு

விரைவில் உடல் பருக்கும் என்று கூறி விற்கப்படும் ஸ்டீராய்டு ஊசிகளையும் மாத்திரைகளையும் ஒருவரும் தொடலாகாது. அவை இதயத்தையும் கல்லீரலையும் கெடுக்கும். விந்து உற்பத்தியைக் குன்றச் செய்து, பிள்ளைப்பேற்றுக்கே இடையூறு விளைக்கும். மூன்று மாதம் பொறுப்பதற்கு மாறாக வாழ்நாளைப் பணயம் வைப்பது அறிவுடைமையன்று.

முதியோர்க்கும் உரியது

இப்பயிற்சி வாலிபர்க்கு மட்டுமே உரியது என்று எண்ண வேண்டா. அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் முதியோர் இல்லம் ஒன்றில் வாழ்ந்த, சராசரி 90 வயதுடைய பத்துப் பேருக்கு எட்டு வாரம் கால்களுக்குப் பளுப் பயிற்சி அளித்து, அதன் முடிவை 1990ஆம் ஆண்டில் வெளியிட்டனர். அவர்களுடைய கால் வலிமை சராசரியாக 174 விழுக்காடு உயர்ந்தது. தொடைத் தசையும் 9 விழுக்காடு பெருத்தது. முதுமையில் வீழ்ந்து எலும்பு முறியாதிருக்கவும், எழுந்து நடமாடவும் தசையே துணை. பெண்களுக்கும் இது பொருந்தும்.

ஊராட்சி செய்யத்தக்கவை

1. கூடத்திற்கு வருவோர் ஒவ்வொருவருக்கும் ஒரு நோட்டுப் புத்தகம் கொடுத்து, தூக்கிய பளுவையும் தடவைகளையும் அன்றன்றே எழுதச் செய்க.

2. பெரிய தட்டுகளை மட்டும் வாங்காமல் 1.25 கிலோ தட்டுகளையும் வாங்குக. அவையின்றேல் சிறு படிகளில் ஏற இயலாது.

3. எடை காணும் கருவியும் அளவு நாடாவும் கூடத்திலேயே இருத்தல் வேண்டும்.

4. உழவு வேலைக்கு ஏற்ற நேரத்தில், விடியற்காலையிலும் பொழுது சாய்ந்த பின்னரும், கூடத்தைத் திறந்து வைக்க வேண்டும். சாவி எவரிடம் உள்ளது என்பதைக் கதவில் எழுதுக.

5. பெண்களுக்கும் முதியோர்க்கும் தனி நேரம் ஒதுக்குக.

6. அருகிலுள்ள பள்ளியின் உடற்கல்வி ஆசிரியரையோ பயின்ற வீரரையோ அழைத்து, தொடக்கத்தில் சரியான நிலையைக் கற்பிக்க ஏற்பாடு செய்க.

இவற்றுள் செலவு மிகக் குறைந்தது நோட்டுப் புத்தகம். பயன் மிகப் பெரியதும் அதுவே. மூன்று மாதம் கழித்து அதைத் திறந்து பார்க்கும் இளைஞன், தான் ஏறி வந்த படிகளைத் தன் கையெழுத்திலேயே காண்பான். அவன் கூடத்தை விட்டு நீங்கமாட்டான்; குறுக்கு வழியையும் தேடமாட்டான். ஒவ்வோர் ஊராட்சியும் இவ்வாண்டே இம்முறையைத் தொடங்கி, ஊர் மக்களின் உடல் வலிமையை வளர்க்க முன்வருமாக.