விதைத்தவர் வீட்டில் பசி

உணவை விளைவிப்பவரே பட்டினி கிடப்பாரா? ஆப்பிரிக்காவின் மலாவி நாட்டில் ஆண்டுதோறும் நடப்பது இதுதான். அங்கே மக்காச்சோளமே முக்கிய உணவு. ஆண்டுக்கு ஒரே மழைக்காலம். நவம்பர் வாக்கில் விதைத்து ஏப்ரல் வாக்கில் அறுப்பர். அறுத்ததும் கடனை அடைக்கச் சிறு விவசாயிகள் பலர் மலிவாக விற்றுவிடுவர். ஜனவரிக்குள் குதிர் காலியாகிவிடும், விலையோ ஏறியிருக்கும். வயிற்றுப்பாட்டுக்காகப் பிறர் நிலத்தில் ‘கன்யு’ எனப்படும் கூலி வேலைக்குப் போவர். களையெடுக்க வேண்டிய அந்த வாரங்களில் சொந்த நிலம் கவனிப்பாரற்றுக் கிடக்கும். விளைச்சல் குறையும், மறுஆண்டும் அதே பசி.

அன்பர்களே, இதில் நமக்கொரு பாடம் உண்டு. அன்னதானம் என்பது பசித்தபின் இடுவது மட்டுமன்று. களையெடுப்புக்கு முன்பே கொடுக்கும் ஒரு மூட்டைத் தானியம், உழவரைத் தம் நிலத்திலேயே நிற்க வைக்கும். கொடுப்பதைக் காலமறிந்து கொடுப்போம்.