பிட்காயின் மெஷின் வாங்கலாமா? – ஒரு கணக்கு

முத்தியால்பேட்டையில் இருக்கும் எங்க சித்தப்பா, சீட்டு எடுத்த பணத்தில் பழைய ‘ஆன்ட்மைனர் எஸ்9’ மெஷின் வாங்க நினைக்கிறார். பிட்காயின் எடுப்பதற்கென்றே செய்த மெஷின். வேறு எதுக்கும் உதவாது. அவருக்காக நான் போட்ட கணக்கு இதோ, நண்பர்களே.

2024 ஏப்ரலுக்குப் பிறகு, 10 நிமிடத்துக்கு 3.125 பிட்காயின்தான் புதிதாக வருகிறது. உலகம் முழுக்க ஒரு நாளைக்கு 450. எஸ்9 நொடிக்கு 13.5 லட்சம் கோடி தடவை முயற்சி செய்யும். அடேயப்பா! ஆனா 2025-ல் உலகத்தில் ஓடிய மெஷின்களின் மொத்த வேகம், இதைப்போல சுமார் 6 கோடி மடங்கு. ஒரு பிட்காயின் 90 லட்சம் ரூபாய் என்று வைத்தாலும் நம்ம பங்கு தினம் 68 ரூபாய்.

கரண்ட்? 1,300 வாட், 24 மணி நேரம் ஓடினால் 31 யூனிட். யூனிட் 6 ரூபாய்னா 186 ரூபாய். தினமும் 118 ரூபாய் நஷ்டம்!

விலை ஏறினால்? இரண்டு மடங்கு ஏறினாலும் கரண்ட் காசுக்கே பத்தாது. புது மாடல்கள் சிக்கனம்தான், ஆனா விலை லட்சத்தில். மே மாத வெயிலில் ரூமுக்குள் ஹீட்டர் போட்ட மாதிரி சூடு வேறு. ஃபேன் சத்தத்தில் படிக்கவே முடியாது.

விற்கும்போது 30 சதவீதம் வரி (2022 முதல்). அதில் கரண்ட் செலவைக் கழிக்க விடமாட்டார்கள். மெஷின் விலையை நான் இன்னும் சேர்க்கவே இல்லை.